ரேஸ் கியரும் தொப்பூர் இறக்கமும்

ஓசூரில் தயாராகும் ஒவ்வொரு அப்பாச்சி பைக்கிலும் ரேஸ் கார் இனத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ்தான் இருக்கிறது. இது விளம்பர வாசகம் இல்லை. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து முதல் கியரை மிதித்ததும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருமே, அது இரும்புப் பல்லுக்குள் இரும்புப் பல் நேராகப் போய் மாட்டிக்கொள்ளும் சத்தம். ஸ்பிளெண்டரிலும் புல்லட்டிலும் இதே ஏற்பாடுதான். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரிலும் கியர் விழுவது அடிப்படையில் இப்படித்தான். இந்த வகைக்கு ‘டாக் கியர்பாக்ஸ்’ என்று பெயர்.

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு கார் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் பலருக்கு ஒரு புது ஆசை. பழைய ஸ்விஃப்டையோ போலோவையோ வாங்கி, சஸ்பென்ஷனை இறக்கி, எக்ஸாஸ்டை மாற்றியாயிற்று. அடுத்து ரேஸ் கியர்பாக்ஸ் போட்டால் என்ன? தர்மபுரிக்கும் சேலத்துக்கும் தினம் ஓடும் காருக்கு அது பொருந்துமா என்று பார்க்க, முதலில் கியர்பாக்ஸுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘கியர் மாற்றுகிறோம்’ என்று சொல்கிறோமே தவிர, உள்ளே பல்சக்கரங்கள் இடம் மாறுவதில்லை. முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக எப்போதும் கடித்தபடியே சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் ஷாஃப்ட்டின் மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும். லீவரைத் தள்ளும்போது, ஷாஃப்ட்டோடு சுற்றும் ஒரு வளையம் நகர்ந்து போய் அந்தச் சக்கரத்தைப் பூட்டுகிறது. வம்பே அந்தப் பூட்டும் நொடியில்தான். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு காரில் இரண்டாம் கியரின் விகிதம் 1.9, மூன்றாம் கியரின் விகிதம் 1.28 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது. அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டுமானால் அது சுமார் 3,700 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். இடையில் இருக்கும் 1,200 சுற்றை யாராவது ஈடுகட்ட வேண்டும்.

சாதாரணக் காரில் அதை ஈடுகட்டுவது ‘சிங்க்ரோ’ எனப்படும் பித்தளை வளையம். கூம்பு வடிவத்தில் இருக்கும் இந்த வளையம், கியர் பூட்டுவதற்குச் சற்று முன் சக்கரத்தோடு உரசி அதன் வேகத்தை ஷாஃப்ட்டின் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகம் ஒன்றாகும் வரை பூட்டவும் விடாது, வழிமறித்து நிற்கும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, வேகம் ஒத்துவந்ததும் படியில் கால் வைப்பாரே, அந்த வேலைதான். எல்லாம் ஒரு நொடியின் சிறு பங்கில் முடிந்துவிடுவதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை.

டாக் கியர்பாக்ஸில் இந்த வளையம் கிடையாது. சிங்க்ரோவில் இருக்கும் பொடிப்பொடிப் பற்களுக்குப் பதில் நாலைந்து தடித்த முட்டுகள், நடுவே அகலமான இடைவெளி. வேகம் ஒத்துவராவிட்டாலும் தட்டென்று உள்ளே தள்ளிவிடலாம். ஒத்துவரச் செய்யும் பொறுப்பு ஓட்டுபவரின் காதுக்கும் காலுக்கும், புதிய ரேஸ் கார்களில் கணினிக்கும்.

இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் கார் ரேஸர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 1980-இல் ஓசூரில் லாரி தயாரிக்கும் அசோக் லேலண்ட் தன் ஆலையைத் திறந்தது, அப்பாச்சியைத் தயாரிக்கும் டிவிஎஸ் 1982-இல் ரேஸ் அணி அமைத்தது. அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் பலர் சிங்க்ரோ இல்லாத பெட்டியோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டினார்கள். அதற்கு அவர்கள் கற்ற வித்தை ‘டபுள் கிளட்ச்’.

தர்மபுரி-சேலம் சாலையின் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும் ஒரு பழைய லாரியை நினைத்துப் பாருங்கள். இறக்கத்துக்கு முன்னாலேயே டிரைவர் நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு வர வேண்டும். கிளட்சை மிதித்து லீவரை நியூட்ரலுக்கு இழுக்கிறார். கிளட்சை விடுகிறார். ஆக்ஸிலேட்டரில் ஒரு மிதி. எஞ்சின் உறுமி ஏறுகிறது, அதோடு கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சக்கரங்களும் வேகமெடுக்கின்றன. எஞ்சின் சத்தம் சரியான சுருதிக்கு வந்த கணத்தில் மறுபடி கிளட்ச், லீவர் மூன்றாவதில். சரியாகக் கணித்தால் கியர் சத்தமில்லாமல் விழும். தவறினால் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடிக்கும். மீட்டர் எதையும் பார்க்காமல், காதை மட்டும் நம்பி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை இதைச் செய்தவர்கள் அவர்கள்.

அதே கணவாயில் அந்த வித்தை கைவிட்டுப்போகும் இடமும் உண்டு. டீசலை மிச்சப்படுத்த லாரியை நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம் பற்றிப் போலீசார் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். வண்டி பாரத்தோடு வேகமெடுத்த பிறகு திரும்பக் கியர் போட நினைத்தால், எஞ்சினை எட்ட முடியாத சுற்றுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். கியர் விழாது. சிங்க்ரோ இருந்தாலும் அந்த வேக வித்தியாசத்தில் அது திணறிப்போகும். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கையே நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து, ஏர் பிரேக்குக்குக் காற்று அடைப்பதும் நின்றுபோகும். தேசிய நெடுஞ்சாலை 44-இன் இந்தச் சில கிலோமீட்டர் விபத்துகளுக்குப் பேர்போனது. 2024 ஜனவரி 24 அன்று இங்கே லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் நான்கு பேர் இறந்தார்கள். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு, காரிலும் பைக்கிலும் போகிறவர்களும் காது கொடுக்கலாம்.

சிங்க்ரோ பிறந்ததே இந்தத் தொல்லையிலிருந்து சாதாரண ஜனங்களைக் காப்பாற்றத்தான். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் வடிவமைத்த சிங்க்ரோ பெட்டியை 1928-இல் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் பொருத்தியது. இதே மனிதர் பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக் கியரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். கியர் மாற்றும் கஷ்டத்தை முதலில் குறைத்தார், பிறகு அதை ஒழித்தே விட்டார். இந்தியாவுக்கு இந்தச் சுகம் தவணை முறையில்தான் வந்தது. அம்பாசடரின் முந்தைய மாடல்களில் முதல் கியருக்குச் சிங்க்ரோ இல்லை. பழைய வில்லிஸ் ஜீப்பின் மூன்று கியர் பெட்டியிலும் அப்படியே. வேகத்தடையில் ஊர்ந்துகொண்டே முதல் கியர் போடப் பார்த்தவர்களுக்கு வண்டியே பாடம் சொல்லிக்கொடுத்தது. வயலில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் இன்றும் வண்டியை நிறுத்தித்தான் கியரை மாற்றுகிறார்கள்.

சரி, பைக்கில் எந்தச் சங்கடமும் இல்லாமல் ஓடும் டாக் கியர் காரில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? பைக்கின் சக்கரங்கள் கையளவு, எடை குறைவு. வேகம் ஒத்துவராமல் மோதினாலும் அடி சிறியது. கியர் விகிதங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். தாவிக் குதிக்கவும் வழியில்லை, வரிசையாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஒரு டன் எடையுள்ள காரில் இதெல்லாம் பெருத்துவிடுகிறது. பைக்கில் ‘டொக்’ என்று கேட்டது காரில் ‘டமார்’ என்று கேட்கும்.

ரேஸில் அந்த டமாரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்களில் ஆறு கியர் வரிசைப் பெட்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பை விரலால் தட்டினால் போதும், எஞ்சினின் இழுவை கண்ணிமைக்கும் நேரம் அறுபட்டு, அடுத்த கியர் விழுந்துவிடும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தின் 3.7 கிலோமீட்டர் பாதையில் ஒரு சுற்றுக்கு இருபது முறை கியர் மாற்றுவதாகவும், ஒவ்வொன்றிலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாவதாகவும் வைத்துக்கொண்டால், சுற்றுக்கு இரண்டு நொடி. பந்தயத்தில் அது முதலிடத்துக்கும் பத்தாமிடத்துக்கும் உள்ள தூரம். தர்மபுரியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலத்துக்குப் போகிறவருக்கு, பாளையம் சுங்கச்சாவடியில் முன்னால் நிற்கும் ஒரே ஒரு வண்டி அதைச் சாப்பிட்டுவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரேஸ் கார்கள் எழுப்பும் ‘உய்ய்ங்’ என்ற ஊளைக்கு டாக் கியர் காரணமில்லை. அது நேர்வெட்டுப் பற்களின் சத்தம். சாதாரணக் காரில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போவதால் சத்தம் அடங்கும். ஆனால் அந்தச் சாய்வு ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். நேர்வெட்டில் அந்தத் தள்ளல் இல்லை, அதனால் ரேஸுக்குப் பிடிக்கிறது. இரண்டும் வெவ்வேறு தேர்வுகள். சாய்வுப் பற்களோடு டாக் கியரும் உண்டு, நேர்வெட்டுப் பற்களோடு சிங்க்ரோவும் உண்டு. நேர்வெட்டின் ஊளையைக் கேட்க ரேஸ் மைதானம் வரை போகவும் வேண்டாம். பெரும்பாலான சின்னக் கார்களின் ரிவர்ஸ் கியர் நேர்வெட்டுதான். சந்தில் பின்னால் எடுக்கும்போது எழும் அந்தச் சத்தத்தை, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் காதருகே வைத்துக்கொள்ளத் தயாரா என்று வாங்குகிறவர் யோசிக்கட்டும்.

தயார் என்றே வைத்துக்கொள்வோம். டாக் கியரின் இன்னொரு குணம் தெருவில்தான் தெரியும். அகல இடைவெளி இருப்பதால், ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முட்டுகள் முன்னும் பின்னும் மோதும். தர்மபுரி நாலு ரோட்டில் மாலை நேர நெரிசலில் ஊர்ந்தால் கார் குலுங்கிக் குலுங்கிப் போகும். மெதுவாக, பக்குவமாகக் கியர் போடுவதுதான் வண்டிக்கு நல்லது என்று டிரைவிங் ஸ்கூலில் படித்தோமே, அது இதற்குச் சத்துரு. தயங்கித் தள்ளினால் முட்டுகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி மழுங்கும். மழுங்கிய பிறகு இழுவையில் கியர் தானே நியூட்ரலுக்குத் துள்ளும். ரேஸ் அணிகள் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்டியைப் பிரித்து, மழுங்கியவற்றை மாற்றிவிடுகின்றன. வீட்டுக் காருக்கு யார் அப்படிச் செய்வார்கள்? வீட்டில் மனைவியோ அப்பாவோ அதே காரை எடுப்பார்களா என்ற கேள்வியும் இருக்கிறது.

செலவு வேறு. இங்கிலாந்தின் ஹியூலண்ட், குவைஃப், பிரான்ஸின் சாதேவ் போன்ற நிறுவனங்கள்தான் இதில் பெயர் பெற்றவை. சுங்க வரி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்தால் பல லட்சம். பழைய ஸ்விஃப்டின் விலையையே அது தாண்டிவிடலாம். சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. எதையும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டுப் போகும் நேரத்தில் இந்தக் கேள்வி வரக் கூடாது.

ஆக, தெருவில் ஓடும் காருக்குச் சிங்க்ரோதான். ஆசை அடங்காதவர்கள் கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போய், அதற்கென்றே இருக்கும் காரில் ஓட்டட்டும். தெருக் காரில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் அதே பணத்தில் நல்ல கிளட்ச், நல்ல டயர், நல்ல பிரேக் பேட் போட்டுக்கொள்ளலாம். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இவை உதவும் அளவுக்கு டாக் கியர் உதவாது.

இருக்கிற சிங்க்ரோவைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு கலைதான். முதலில் ஆயில். சில பட்டறைகளில் கிரவுனுக்கு (டிஃபரன்ஷியலுக்கு) ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் அது போனால், வழுக்கல் அதிகமாகிப் பித்தளை வளையத்தின் உரசல் எடுபடாது. அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம் நாளடைவில் பித்தளையை அரிக்கவும் கூடும். கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும். லீவரின் மேல் கையை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கமும் ஆகாது. உள்ளே, கியரைப் பூட்டும் வளையத்தை நகர்த்தும் ஃபோர்க் அந்த வளையத்தோடு உரசித் தேயும்.

தர்மபுரியின் டிஎன் 29 பதிவெண்ணோடு பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர், எஞ்சின் சூடேறிய பிறகு நல்ல சாலையில் ஒரு சோதனை செய்யலாம். மூன்றாவதில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே, கிளட்சை முழுதாக மிதித்து, இரண்டாவதுக்குச் சற்று வேகமாக இழுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் தேய்வது இரண்டாவது கியரின் வளையம்தான். ‘கர்ர்’ என்று கேட்டால், அதே இடத்தில் டபுள் கிளட்ச் போட்டு இன்னொரு முறை. இப்போது சத்தமில்லாமல் விழுந்தால் தேய்ந்தது சிங்க்ரோ. எல்லாக் கியரிலும் கர்ர் என்றால், ரிவர்ஸும் அடம்பிடித்தால், சந்தேகப்பட வேண்டியது கிளட்சை. முன்னதற்குப் பெட்டியைக் கழற்றிப் பிரித்து, பித்தளை வளையத்தை மாற்ற வேண்டும். பின்னது கிளட்ச் கேபிளைச் சரிசெய்வதோடு முடிந்துவிடவும் கூடும். இரண்டுக்குமான செலவை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு விலை பேசலாம்.