ஊசி முனையில் உயிர்கள்

போதைப்பொருள் ஹராம் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், அன்பு வாசகர்களே, அந்த ஹராமில் விழுந்துவிட்டவனின் உயிரைக் காப்பது யாருடைய கடமை?

ஒருவன் பாவித்த ஊசியில் எஞ்சியிருக்கும் இரத்தத்தோடு எச்.ஐ.வி கிருமியும் அடுத்தவன் உடலுக்குள் செல்கிறது. கைதுக்கும் ஏளனத்துக்கும் அஞ்சி அவன் வைத்தியசாலைப் பக்கம் போவதில்லை. ஈற்றில், ஒன்றுமறியாத மனைவிக்கும் அது தொற்றுகிறது.

மலேசியாவைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டில் மாத்திரம் 6,978 பேருக்கு எச்.ஐ.வி புதிதாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலோர் ஊசியேற்றுவோர், அவர்களில் மலாய் முஸ்லிம்களே அதிகம். ஹெரோயின் வேட்கையைத் தணிக்கும் மெதடோன் மருந்தை 2005இலும், பழைய ஊசிக்குப் பதிலாகப் புதிய ஊசியை 2006இலும் வழங்கத் தொடங்கினார்கள்.

"பாவத்துக்குத் துணை போவதா?" என்ற ஆட்சேபம் எழாமலில்லை. இரு தீங்குகளில் சிறியதை ஏற்றுப் பெரியதைத் தடுக்கலாம் என்பது ஃபிக்ஹு விதி. உயிரைப் பாதுகாத்தலோ ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களில் ஒன்று. 2010இல் கோலாலம்பூர் அர்ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் வழங்கப்பட்டது. மருந்தோடு தொழுகையும் மார்க்க போதனையும் சேர்ந்தன. நாட்டில் ஊசிவழித் தொற்று காலப்போக்கில் வெகுவாகக் குறைந்தது.

பெற்றோரே, உங்கள் வீட்டிலோ மஹல்லாவிலோ அப்படியொரு பிள்ளை இருந்தால் மூடி மறைக்காதீர்கள், விரட்டிவிடவும் வேண்டாம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தைப் பரிசோதியுங்கள். எச்.ஐ.வியை முற்றாக நீக்க மருந்தில்லை. ஆனால் அதை அடக்கிவைக்கும் மருந்துண்டு. ஒழுங்காக உட்கொள்பவர் நீண்டகாலம் வாழலாம்.

தௌபாவின் வாசல் மூச்சுள்ளவரை திறந்திருக்கிறது. அந்த மூச்சைக் காத்துக் கொடுப்பது நம் பொறுப்பல்லவா?