ஹர்ராவின் கருங்கற்களும் ஆப்பிரிக்காவின் பிளவும்

மதீனா நகரின் கிழக்கிலும் மேற்கிலும் கருகிய பாறைகள் பரந்து கிடப்பதை ஹாஜிகள் கண்டிருப்பார்கள். அரபியர் இதனை ‘ஹர்ரா’ என்பர். அகழ்ப்போரின்போது வடக்குத் திசையில் மட்டும் அகழி தோண்டப்பட்டதற்கு இப்பாறைகளும் ஒரு காரணம். குதிரைப்படை அவற்றின் மீது ஏறி வருதல் எளிதன்று. வரலாறு படிக்கும் மாணவர்கள் இதை அறிவர். ஆனால் அப்பாறைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்போர் குறைவு.

அவை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. ஹிஜ்ரி 654, அதாவது கி.பி. 1256-ஆம் ஆண்டு, ஜுமாதல் ஆகிர் மாதத் தொடக்கத்தில் மதீனாவில் நில அதிர்ச்சிகள் தோன்றின. பின்னர் நகருக்குத் தென்கிழக்கே பூமி பிளந்து நெருப்பு எழுந்தது. ஏறத்தாழ ஐம்பது நாட்கள் ஓடிய குழம்பு 23 கிலோமீட்டர் நீண்டு, நகரை அடையாமல் நின்றது. மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் திரண்டு பாவமன்னிப்புக் கோரினர்; அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார். இச்செய்திகளை மதீனாவிலிருந்து வந்த கடிதங்கள் வாயிலாக டமாஸ்கஸ் அறிஞர் அபூ ஷாமா பதிவு செய்துள்ளார். ஹிஜாஸில் எழும் நெருப்பைப் பற்றிய நபிமொழியை விளக்குகையில் இமாம் நவவி அவர்களும் தம் காலத்து இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு ரமளானில் பள்ளிவாசல் தீப்பற்றியது வேறு நிகழ்ச்சி. அது விளக்கினால் நேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொற்பொழிவாற்றுவோரும் உளர்!

இந்நெருப்பின் வேரைத் தேடினால் செங்கடலைத் தாண்டி எத்தியோப்பியாவின் அஃபார் நிலத்துக்குச் செல்ல வேண்டும். செங்கடல், ஏடன் வளைகுடா, கிழக்காப்பிரிக்கப் பிளவு ஆகிய மூன்றும் கூடுமிடம் அது. அரேபியா ஆப்பிரிக்காவை விட்டு ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பொங்கிய குழம்பே இன்று எத்தியோப்பிய மேட்டுநிலமாகக் கிடக்கிறது.

பூமிக்குள்ளே நெருப்புக் கடல் உள்ளதெனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையுள்ள ‘மேன்டில்’ பெரும்பாலும் திடமான பாறையே. ஆயினும் மிகுந்த வெப்பத்தால் மெல்ல மெல்ல நகரும் தன்மையுடையது. அது மேலெழும்போது அழுத்தம் குறைகிறது. குறைந்தவுடன் ஒரு பகுதி உருகுகிறது. பிரஷர் குக்கருக்குள் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காதிருக்கும் நீர், ஆவி வெளியேறியதும் கொதிக்கத் தொடங்குவதைத் தாய்மார்கள் கண்டிருப்பர். ஏறக்குறைய அதே கதை.

நிலநடுக்க அலைகள் வெப்பமிகு பாறையில் மெதுவாகச் செல்லும். அவ்வலைகளை அளந்த ஆய்வாளர்கள், தென்னாப்பிரிக்காவுக்கு அடியில் மேன்டிலின் அடித்தளத்தில் அலைகள் தயங்கிச் செல்லும் மாபெரும் பகுதி ஒன்றைக் கண்டனர். அது வடகிழக்காகச் சாய்ந்து மேலெழுந்து அஃபார் வரை எட்டுகிறதென்பது பலர் கருத்து. அஃபார் எரிமலைப் பாறைகளில் மிகுந்துள்ள ஹீலியம்-3 என்னும் வாயுவும் அந்த ஆழத்தையே சுட்டுகிறது. அங்கிருந்து வெப்பம் வடக்கே அரேபியாவுக்கு அடியிலும் பரவி ஹர்ராக்களை உண்டாக்கிற்று என ஒரு சாரார் கூறுவர். இதில் கருத்து வேற்றுமை தீர்ந்தபாடில்லை.

மேற்பரப்பில் நிகழ்வது ஐயத்துக்கு இடமற்றது. 2005 செப்டம்பரில் அஃபாரில் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்து, சில இடங்களில் எட்டு மீட்டர் வரை விலகியது. 2009-இல் மதீனாவின் வடமேற்கே ஹர்ரத் லுனைய்யிரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நில அதிர்வுகள் பதிவாயின. சுமார் நாற்பதாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். குழம்பு வெளிவராமல் அடியிலேயே நின்றது. இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் மதீனாவைச் சுற்றி அதிர்வுமானிகள் காவல் இருப்பது வீண் செலவன்று.

அஃபார் மக்கள் முஸ்லிம்கள். ஆடும் ஒட்டகமும் மேய்ப்போர். ‘இறைவனின் தண்டனை’ என்று தூரத்திலிருந்து தீர்ப்புரைப்பது எனக்கு ஏற்புடையதன்று. யார் மீது, எதற்கு என்றறிய நாம் யார்? 2025 நவம்பர் 23 அன்று அங்கே ஹைலி குப்பி எரிமலை வெடித்துச் சாம்பலை சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எறிந்தது. சாம்பல் யெமன், ஓமன் வழியாக வட இந்தியா வரை வந்ததால் விமானங்கள் நிறுத்தப்பட்ட செய்தியே நம் நாளிதழ்களில் பெரிதாக வந்தது. எரிமலையருகே உள்ள அஃப்தேரா கிராமத்தில் மேய்ச்சல் நிலம் சாம்பலால் மூடப்பட்டு, கால்நடைகளுக்குத் தின்னப் புல் இன்றிப் போயிற்று.