பிளாஸ்ரிக் வார்ப்பச்சும் இலக்கமுறைத் தொழினுட்பமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பங்குடாவெளி தொட்டுக் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியில் தொழில் செய்யும் மீனவரின் வலை நைலோன். மிதவையும் மீன்கூடையும் பெரும்பாலும் பிளாஸ்ரிக். கூடையின் விலை அவருக்குத் தெரியும். அதன் அச்சு எங்கே, எவரால் வெட்டப்பட்டது என்பதை விற்கும் வியாபாரியும் அறியார். உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிப் பேசுவோர் வழமையாக இயந்திரத்தையே சுட்டுவர். பிளாஸ்ரிக் கைத்தொழிலின் உயிர்நிலையோ அச்சிலேயே உள்ளது.

உட்செலுத்தல் வார்ப்பின் அடிப்படை எளிது. பிளாஸ்ரிக் மணிகளை உருக்கி, உயர் அமுக்கத்தில் இரு கூறான உருக்கு அச்சினுட் செலுத்துவர். குளிர்ந்து இறுகியதும் அச்சுத் திறந்து பொருளை வெளித்தள்ளும். அமெரிக்காவின் ஹயற் சகோதரர் 1872 இல் இதற்கான பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றனர். ஒரே பொறியில் மூடியும் வார்க்கலாம், மிதவையும் வார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். வார்ப்புச் சுற்றொன்றின் நேரத்தில் பாதிக்கு மேல் பெரும்பாலும் குளிர்தலுக்கே செல்கிறது. அச்சினுள் ஓடும் நீர்வழிகள் பிழைத்தால் பொருள் கோணிப்போகும். முன்னர் அச்சுத் தொழிலாளி வார்த்துப் பார்த்து, கழற்றி, மீண்டும் அராவித் திருத்தினார். அவ்வறிவு அவர் கையிலும் கண்ணிலும் இருந்தது, ஏட்டில் இருக்கவில்லை.

அது படிப்படியாகக் கையினின்று கணக்குக்கு மாறியது. சோவியத் நாட்டு லசரெங்கோ தம்பதியர் 1943 இல் மின்பொறியால் கடின உருக்கை அரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். 1978 இல் அவுஸ்திரேலியாவில் தோன்றிய மோல்ட்புளோ நிறுவனம், உருகிய பிளாஸ்ரிக் அச்சினுள் எவ்வாறு பரவும் என்பதை, உருக்கை வெட்டுமுன்னரே கணினியிற் கணித்துக் காட்டியது. இன்று அச்சின் குழிக்குள் பதிக்கப்படும் அமுக்க, வெப்ப உணரிகள் ஒவ்வொரு வார்ப்பையும் நல்ல வார்ப்பொன்றின் வரைகோட்டோடு ஒப்பிட்டு, விலகியதை ஒதுக்குகின்றன. பழைய பொறியிலும் இவற்றைப் பொருத்தலாம் என்பதே சிறு தொழிலகத்துக்குரிய செய்தி.

வாவிப் பிரதேசத்துக்கு இது வேறொரு வகையிலும் பொருந்தும். கழிவுப் பிளாஸ்ரிக்கை மீள வார்ப்போருக்கு முதல் இடர் மூலப்பொருளின் சீரின்மை. ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு விதமாக உருகி ஓடும். உணரி அம்மாற்றத்தை உடனே காட்டுவதால் அமுக்கத்தையும் நேரத்தையும் அதற்கேற்பத் திருத்த முடிகிறது.

ஆனால் இவ்வாறு திரளும் தரவு எவருக்குரியது? பொறியை விற்ற கம்பனியின் கணினிக்கே அது சென்றடையுமாயின், தொழிலாளி பொத்தானை அழுத்துபவராகச் சுருங்குவார். கைவினைஞரின் அறிவு முன்னரும் இவ்வாறே பறிபோயிற்று. இம்முறை ஓசையின்றிப் போகும், அவ்வளவே.

சென்னை கிண்டியில் 1968 இல் மத்திய பிளாஸ்ரிக் பொறியியல் நிறுவனமாகத் தொடங்கப்பட்ட சிப்பெற் அச்சு வடிவமைப்பையும் தொழிற்பயிற்சியையும் அரச பொறுப்பில் ஒருங்கிணைத்தது. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமோ 1983 முதல் 2009 வரையான போரினூடே வளர வேண்டியிருந்தது. அதன் அயலில் இன்று முதலில் வேண்டப்படுவது புதிய தொழிற்சாலையன்று. தமிழிற் பயிற்றும் பொது அச்சுப் பட்டறையொன்றே. நல்ல உருக்கு அச்சொன்று பல இலட்சம் வார்ப்புகளைத் தாங்கும். அதன் வரைபடக் கோப்புகளும் உணரிப் பதிவுகளும் பட்டறையிலேயே தங்குவதற்கான நிபந்தனை, பொறியை வாங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்படல் வேண்டும்.