பழைய இரண்டு சேர்ந்தால் புதியது ஆகுமா?

பின்பக்கம் ரப்பர் வைத்த பென்சிலுக்கு ஒரு காலத்தில் காப்புரிமை இருந்தது. 1858 மார்ச் 30 அன்று பிலடெல்பியாவின் ஹைமன் லிப்மன் அதைப் பெற்றார். ஜோசப் ரெக்கன்டார்ஃபர் என்பவர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். 1,00,000 டாலர் கொடுத்தார் என்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பென்சில் தயாரிப்பாளர் ஃபேபர் மீது வழக்குப் போட்டார். 1875-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது. ஒரே குச்சியில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து புதிதாக எதையும் செய்துவிடவில்லை. திருப்பிப் பிடித்து அழிப்பது வசதிதான், ஆனால் வசதி மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது என்றது தீர்ப்பு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு சொல்வதும் ஏறக்குறைய இதையேதான்: தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால், அது கண்டுபிடிப்பு இல்லை.

சரி, எந்தக் கருவிதான் பழைய பாகங்கள் இல்லாமல் பிறந்தது? பாகங்கள் பழையவை என்பதற்காகவே உரிமையை மறுத்தால் ஒருவருக்கும் காப்புரிமை கிடைக்காது. பாகங்களைச் சேர்த்தபோது என்ன நடந்தது, அத்துறை தெரிந்த ஒருவர் அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருப்பாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதற்கு பெர்ட் ஆடம்ஸின் பேட்டரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு முனையில் மக்னீசியம், மறுமுனையில் குப்ரஸ் குளோரைடு. உலர்ந்த நிலையில் எத்தனை நாளும் அலமாரியில் கிடக்கும். வெறும் தண்ணீரை ஊற்றினால் மின்சாரம் தரும். மக்னீசியம் எடை குறைந்த உலோகம், எலக்ட்ரான்களைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். அவற்றை வாங்கிக்கொண்டு குப்ரஸ் குளோரைடு செம்பாக மாறும். அமிலம் வேண்டாம், ஆபத்தான புகையும் இல்லை. வேலை செய்யும்போது தானே சூடாவதால் கடுங்குளிரிலும் ஓடும். குறை ஒன்று உண்டு: தண்ணீர் பட்டுவிட்டால் பிறகு நிறுத்த முடியாது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் ஆடம்ஸ் இதை அமெரிக்க ராணுவத்திடம் கொண்டுபோனார். சிக்னல் படைப்பிரிவின் நிபுணர்கள் இது வேலை செய்யும் என்றே நம்பவில்லை. பிறகு சோதித்துப் பார்த்து, வேறு நிறுவனங்களிடம் செய்து வாங்கினார்கள், ஆடம்ஸுக்குச் சொல்லவில்லை. அவருக்கு விவரம் தெரிந்தது 1955-இல். வழக்கு வந்ததும் அரசுத் தரப்பு பழைய ஆவணங்களைப் புரட்டியது. துத்தநாகத்துக்குப் பதில் மக்னீசியம் போடலாம் என்று ஒருவர் முன்பே எழுதியிருக்கிறார். குப்ரஸ் குளோரைடு 1891-ஆம் ஆண்டின் ஒரு பிரிட்டிஷ் காப்புரிமையிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆடம்ஸ் பேட்டரி, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்றார்கள்.

விடை தெரிந்த பிறகு எல்லா விடுகதையும் சுலபம்தான். 1966-இல் உச்ச நீதிமன்றம் அந்த வலையில் விழவில்லை. பயன்படுத்தாதபோதும் தன்னைத்தானே தின்றுகொண்டு சூடாகும் பேட்டரி உதவாது என்பது அன்றைய துறையறிவு. தண்ணீரால் இயங்கும் பேட்டரிகளில் அதுவரை வெற்றி கண்ட மின்கரைசல்கள் மக்னீசியத்துக்கு ஆகாதவை. அதாவது, பழைய அறிவு ஆடம்ஸை அவர் போன பாதையிலிருந்து விலகிப் போகத்தான் சொன்னது. கிடைத்த பலனோ யாரும் எதிர்பாராதது. காப்புரிமை செல்லும் என்றது நீதிமன்றம். முதலில் நம்ப மறுத்த ராணுவ நிபுணர்களே ஆடம்ஸின் வலுவான சாட்சிகள் ஆனதை என்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

இந்த அளவுகோலில் வேதியியல்காரர்களுக்குச் சாதகம் அதிகம் என்றே நினைக்கிறேன். இரண்டு பொருள்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதில் இன்னும் வியப்புக்கு இடமுண்டு. ஸ்பிரிங்கும் நெம்புகோலும் சொன்னபடி நடந்துகொள்ளும். அவற்றோடு மல்லுக்கட்டும் இயந்திரப் பொறியாளர் பாவம்.

டெலிஃப்ளெக்ஸ் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்ப முன்பின் நகர்த்தக்கூடிய ஆக்ஸிலரேட்டர் மிதி பழையது. மிதியின் அசைவைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரும் பழையது. மிதி நகரும்போது வயர் உராய்ந்து கெடாதபடி, நகராத சுழல்முனையில் சென்சாரைப் பொருத்தியதற்குத்தான் காப்புரிமை. கேஎஸ்ஆர் என்ற கனடா நிறுவனம் அதேபோல் செய்தது, வழக்கு வந்தது. இந்த இரண்டையும் சேர்க்கத் தூண்டும் குறிப்பு பழைய ஆவணங்களில் இருந்ததா என்று கீழ் நீதிமன்றம் கறாராகத் தேடியது. 2007 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தக் கறாரைத் தள்ளிவிட்டார்கள். சாதாரணத் திறமை உள்ள பொறியாளரும் கொஞ்சம் யோசிப்பவர்தான், எழுதி வைத்ததை மட்டும் செய்யும் இயந்திரம் அல்ல. கார்கள் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் சந்தையே அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும். அப்படிச் சேர்க்காதே என்று முன்பு யாராவது எச்சரித்திருந்தால் டெலிஃப்ளெக்ஸ் தப்பித்திருக்கலாம். அப்படி ஒரு எச்சரிக்கையை அவர்களால் காட்ட முடியவில்லை. காப்புரிமையின் 4-ஆவது கோரிக்கை செல்லாமல் போனது.