இரும்பிசையில் புகுந்த மேளம்



கொல்லிமலையிலிருந்து ஐயாறு இறங்கிவரும் அடிவாரத்தில் புளியஞ்சோலை என்றோர் ஊர் உண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் அங்கே ஆற்றுப் பாறையொன்றில் அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அருகில் வந்து வணங்கி, "ஐயா, இதைச் சற்றுக் கேளுங்கள்" என்று தம் கைப்பேசியை நீட்டினார். முதலில் காதைப் பிளக்கும் கித்தார் ஓசை எழுந்தது; முகத்தைச் சுளித்தேன். அடுத்து ஒரு மேளம் புகுந்தது. தவிலன்று, பறையுமன்று; பஞ்சாபியரின் டோல். சுளித்த முகம் எப்பொழுது மலர்ந்தது என்பதை நானே அறியேன்.

அது 'பிளட்டிவுட்' என்னும் புதுதில்லிக் குழுவினரின் பாட்டாம். அவர்கள் பயிலும் 'ஹெவி மெட்டல்' இசை 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருப்பெற்றது. அதைத் தொடங்கியோருள் ஒருவரான டோனி அயோமி, தகட்டாலை வேலையில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். கம்பிகளை அழுத்துவது கடினமாகவே, பின்னாளில் அவற்றைத் தளர்த்திக் கட்டினார். சுருதி இறங்கி ஓசை கனத்தது. ஆகவே இவ்விசை பிறக்கும்போதே ஒரு மாற்றத்தோடு பிறந்ததுதான்.

பிளட்டிவுட்டைக் கரண் கட்டியார், ஜயந்த் பதுலா என்னும் இருவர் 2016-இல் தொடங்கினர். புகழ்பெற்ற பாடல்களை எடுத்து, மெட்டலாக மாற்றி, வேடிக்கையாக இணையத்தில் வெளியிட்டனர். கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்த தொழிலை விடுவது எளிதா? 2018-இல் 'ஆரி ஆரி' என்ற பாங்கரா பாடலை எடுத்துக்கொண்டு, டோலையும் புல்லாங்குழலையும் கேலிக்காக அன்றி மெய்யாகவே கையாண்டனர். மனச்சோர்வுற்றோருக்காக 'ஜீ வீரே' என்ற பாட்டும் அவ்வாண்டிலேயே வந்தது. இப்பணிக்காகக் கட்டியார் தம் வழக்கறிஞர் வேலையையும் துறந்தார்.

சிரிக்க வந்தவர் போய்விடலாம். மெட்டல் பற்றாளர் தூய்மை கெட்டது எனலாம். நாட்டிசை அன்பர் கூச்சல் எனலாம். மூவகைப் பகையையும் அவர்கள் ஏற்றனர். எனினும் அந்தச் சேர்க்கை குருட்டுத் துணிவன்று. டோலின் ஒரு முகம் கனத்து முழங்கும். மறு முகம் கூர்மையாக ஒலிக்கும். முன்னது கித்தாரின் கனத்தோடு இழைகிறது. பின்னது அதனைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தனர். 'ரக்ஷக்' 2022-இலும், 'நு தில்லி' 2025-இலும் இசைத்தொகுப்புகளாக வெளிவந்தன.

இது நமக்குப் புதிதன்று. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்சக்குரல் திமிரி நாகசுரத்தை விட்டு, சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டார். இன்று நாம் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

அந்த இளைஞரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி ஆண்டுவிழா ஒன்றில், கித்தாரோடு பறையைச் சேர்த்து வாசிக்க அவரும் தோழர்களும் அனுமதி கேட்டனர். "சாவுக்கு அடிப்பதை மேடையிலா அடிப்பது?" என்று மறுத்தவன் நான். அவர்கள் கித்தாரும் வாசிக்கவில்லை.

"தம்பி, இப்போதும் பறை அடிக்கிறாயா?" என்றேன்.

"அதை அப்போதே கொடுத்துவிட்டேன், ஐயா" என்றார்.

பாட்டை மறுமுறை போடச் சொன்னேன்.