பின் சக்கரத்தின் பொறுப்பு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் ராமாநுஜருடைய ஞாபகம் வரும். இப்பொழுது அந்தச் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு மோட்டார் வண்டிகளின் ஞாபகந்தான் முதலில் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள். ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிஸ்ஸான் கார்கள். டயருக்கும் வெளியே போக வேண்டாம். அதே ஒரகடத்தில் அப்போலோ தொழிற்சாலை இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளையாண்டான் தன் காரின் முன் சக்கரங்களுக்கு மட்டும் அகலமான புது டயர் போட்டுக்கொண்டு வந்தான். "இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரந்தானே, ஸார்! பின் சக்கரம் சும்மா கூட வருகிறது" என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மறு வாரம் மழையில் ஒரு வளைவில் வண்டி பம்பரம்போல் சுழன்று, வந்த திசையையே பார்த்து நின்றதாம். எதிரே லாரி வராதது அவன் தாயார் செய்த புண்ணியம்.

வளைவில் எந்த டயரும் தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. பக்கத்து விசையினால் சற்றே கோணி நழுவிக்கொண்டு செல்லும். அகன்ற டயர் தரையில் அதிக இடம் பிடிக்கிறது என்பது பாதி உண்மைதான். பாரமும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் தொடும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவேதான். நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. அவ்விதம் கூடும்போது அதே விசையைக் குறைந்த நழுவலோடு தாங்குகிறது.

முன் டயர் அதிகம் நழுவினால் வண்டி வளைவுக்கு வெளியே விலகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் டயர் அதிகம் நழுவினாலோ, வால் வெளியே வீசும். அச்சமயம் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அது பந்தயக்காரர்களுக்குக் கைவந்த வித்தை. உங்களுக்கும் எனக்கும் அல்ல. எஞ்சின் முன்னே உள்ள நம் வீட்டுக் கார்களில் நான்கு டயரும் ஒரே அளவாயிருந்தால், முன்பாரத்தினால் முன் டயரே முதலில் நழுவும். ஆபத்துக் குறைந்த ஏற்பாடு அதுவே.

அதே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதையும் இருக்கிறது. பந்தய ஒற்றை ஆசன வண்டிகளில் எஞ்சின் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால். தள்ளுவதும் பின் சக்கரம். ஆகவே பின் டயர் அகலமாயிருக்கும். பார்முலா ஒன் வண்டிகளுக்கு 2017-இல் விதித்த அளவு முன்னே 305 மில்லிமீட்டர், பின்னே 405.

ஜோடி டயர் மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: அளவு மாறக்கூடாது, புதியவை பின்னால் போகவேண்டும். அண்டை வீட்டுக் காருக்கு இப்பொழுது நான்கும் ஒரே அளவு. அந்த அகல டயர்கள் இரண்டிலும் அவன் தாயார் மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்.