நோயை எதிர்கொள்ள நாடு தயாரா?

சங்ககிரி மலைக்கோட்டைக்கு நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? ஏற ஏற, ஒன்றன்பின் ஒன்றாக மதில்களும் வாயில்களும் வரும். குடிநீருக்குச் சுனைகளும் உண்டு. எதிரி வந்து நின்ற பிறகு இவற்றைக் கட்ட முடியுமா? முடியாது அல்லவா! கொள்ளைநோயும் அப்படிப்பட்ட எதிரிதான். அது வருமுன்பே ஒரு நாடு தயாராக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

அதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் 2005இல் திருத்தப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி ஒவ்வொரு நாடும் தன் தயார்நிலையை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். ஆனால் தன் விடைத்தாளைத் தானே திருத்தினால் போதுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது இந்தக் கேள்வி வலுத்தது. எனவே 2016இல், விரும்பும் நாடுகளுக்கு வெளி வல்லுநர்கள் சென்று கூட்டாக மதிப்பிடும் முறை தொடங்கியது. ஆய்வகம், தடுப்பூசி, நோய்க் கண்காணிப்பு போன்ற ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் சிவப்பு. 2, 3 மஞ்சள். 4, 5 பச்சை.

மதிப்பெண் கூடினால் ஆபத்து நீங்கிவிடுமா? 2019இல் வெளியான வேறொரு தரவரிசை 195 நாடுகளை ஒப்பிட்டது. அதில் அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் இரண்டாமிடம். அடுத்த ஆண்டே கொரோனா பரவியது. அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்குப் பலியாயினர். மதில் இருந்தால் மட்டும் போதாது. காவலர் விழித்திருக்க வேண்டும், மக்களும் அவர் சொல்லை நம்ப வேண்டும்.

ஆகவே, வேகத்தையும் அளக்க வேண்டும் என்று வல்லுநர்கள் 2021இல் ஓர் இலக்கை முன்வைத்தனர். அதன் பெயர் 7-1-7. புதிய நோயை 7 நாளில் கண்டறிதல். 1 நாளில் உரியவர்களுக்குத் தெரிவித்தல். அடுத்த 7 நாளில் முதற்கட்டத் தடுப்பு வேலைகளை முடித்தல்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் தாக்கியது. முதல் நோயாளி இறந்தபோது காரணம் தெரியவில்லை. அதே குடும்பத்தில் இன்னொருவர் நோயுற்றதும் மருத்துவர்கள் ஐயமுற்று மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினர், வைரஸ் பிடிபட்டது. அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2019இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது. அவர் பிழைத்தார், வேறு எவருக்கும் அது பரவவில்லை.

சங்ககிரி, லாரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கே புறப்படும் சரக்கு சில நாட்களில் வட மாநிலங்களை எட்டிவிடுகிறது. மனிதரோடு நோயும் அதே சாலையில் போகலாம், வரலாம். ஆகவே அந்த முதல் 7 நாட்கள் தொடங்குவது தலைநகரில் அல்ல. நம் தெருவில், நம் வகுப்பில்.

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஐந்தாறு பேர் காய்ச்சலாலோ வயிற்றுப்போக்காலோ வரவில்லையா? உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் மூலம் செய்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். கோட்டை வாசலில் விழித்திருக்கும் காவலர் நீங்களாகவும் இருக்கலாம்!